கியர் பெட்டிக்குள் பாம்பு

பெரியப்பா எங்கே போயிருக்கிறார் என்று சங்கரேஸ்வரி யாரிடமும் கேட்டதில்லை. தெருவைப் பார்த்தாலே போதும்.

அவருடைய கறுப்புக் கார் போகிற வழியெல்லாம் எண்ணெய் சொட்டும். வீட்டு வாசலில் ஒரு குட்டை. அங்கிருந்து ரத வீதி முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஒரு கோடு. கோடு முடிகிற இடத்தில் இன்னொரு குட்டை. அதன் பக்கத்தில் பெரியப்பா இருப்பார்.

"வாசகசாலைக்குப் போய் இங்கிலீஷ் பேப்பர் படிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். கோடு காபி கிளப் வாசலில் போய் முடியும். திரும்பி வந்ததும் பெரியம்மா பார்வதியம்மாள் அமைதியாகக் கேட்பாள்: "இன்னிக்குப் பேப்பர்ல நெய் ரோஸ்ட்டா, ரவா தோசையா?"

பெரியப்பாவின் பெயர் அம்பலவாணன். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும், வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. வீட்டில் பூனை குறுக்கே போனால்கூட விளக்கம் கேட்பார்.

அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் மட்டும் வந்ததே கிடையாது. அது, 'தெரியாது.'

ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் சிவகிரிக்கு வழி கேட்டார். பெரியப்பாவுக்கு அந்தக் குறுக்குப் பாதை தெரியாது. ஆனால் அதைச் சொன்னால் தாசில்தாருக்கு என்ன மரியாதை? கையை நீட்டி ஒரு பாதையைக் காட்டினார். பாவம், அந்த மனிதர் நாலு மைல் நடந்து ஒரு குளத்தில் போய் நின்றார்.

சங்கரேஸ்வரியின் அப்பா, அம்மா வாசுதேவநல்லூரில் இருந்தார்கள். சங்கரன்கோவிலில் படிப்பதற்காக அவள் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தாள். ஐந்தாம் வகுப்பு. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ஆமினாள். இருவருக்கும் நடுவில் எலுமிச்சை ஊறுகாய்க்கு மட்டும்தான் சண்டை.

ஆமினாளின் வாப்பா முகம்மது மைதீன் பஸ் கம்பெனியில் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அவரை வரவழைத்தார். மைதீன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கறுத்த முகத்தோடு வெளியே வந்தார்.

"கியர் பாக்ஸ் ஒழுகுது ஐயா. உள்ள எண்ணெயை அடைச்சு நிறுத்துத சீல் இத்துப் போச்சு. இறக்கிப் பிரிச்சாத்தான் சரியாகும்."

கியர் பாக்ஸ் என்பது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற இரும்புப் பெட்டி. அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். எருமைகள் குளத்தில் கிடக்கிற மாதிரி.

"பிரிக்கது உம்ம வேலை. சேக்கது என் வேலை" என்றார் பெரியப்பா.

"நானே சேத்துத் தாரேனே ஐயா..."

"எதுக்குவே? புஸ்தகம் இருக்கு!"

சுதந்திரம் வந்த மறு வருஷம், மலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கூடவே நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. பெரியப்பா அதன் முன்னுரையை இரண்டு தடவை படித்திருந்தார்.

"ஒண்ணு சொல்லிருதேன்" என்று விரலை உயர்த்தினார். "சீல் மாத்தி முடிச்ச பெறகும் ஒரு சொட்டு ஒழுகிச்சோ, உம்ம முதலாளிகிட்ட நேரே போயிருவேன். அவரு எனக்கு ரொம்ப வேண்டியவரு."

மைதீன் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டார். வாப்பாவோடு வந்திருந்த ஆமினாள் சங்கரேஸ்வரியின் காதில் மெதுவாகச் சொன்னாள்: "வாப்பாவுக்கு இந்த வேலை கெடைச்சு ரெண்டு மாசந்தான் ஆகுது. இதுவும் போச்சுன்னா நாங்க வேற ஊருக்குத்தான் போணும்."

சங்கரேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகையில் வேலை தொடங்கியது. மைதீன் பெட்டியை இறக்கிப் பிரித்தார். கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பினார். பிள்ளைகள் இருவரும் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்கள்.

கடைசியாகக் கழுவ ஒரு சின்ன இரும்புத் தகடு வந்தது. விரல் நீளம். கெட்டியாக இருந்தது.

"இது என்ன மாமா?" என்று கேட்டாள் சங்கரேஸ்வரி.

"இதுதான் மக்கா காவக்காரன். இந்த ரெண்டு தண்டும் பின்பக்கமா நழுவி வந்துராம பிடிச்சுக்கிடும். ஆளு சின்னவன்தான். அவன் இல்லேன்னா அவ்வளவுதான்."

அப்போதுதான் அது நடந்தது. சாக்கின் ஓரத்தை ஆமினாள் இழுத்தாள். அடியிலிருந்து சர்ரென்று ஒரு பாம்பு கிளம்பியது! நிஜப் பாம்பு. முழ நீளத்துக்கு மேல் இருக்கும். கார்ச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, வேலி இடுக்கில் புகுந்து மறைந்துவிட்டது.

பிள்ளைகள் போட்ட அலறலில் பெரியம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பெரியப்பா அதற்குள் காரின் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"நான் பயப்படலை. மேல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்" என்றார் கண்ணாடி வழியாக.

பெரியம்மா கோவில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோமதித் தாயே! செவ்வாக்கிழமை ஒனக்குப் பாம்பு உருவம் போட்டுருதேன். பிள்ளைகளைக் காப்பாத்து."

சங்கரன்கோவிலில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வீட்டில் பாம்போ தேளோ வந்தால், கோவில் வாசல் கடையில் அதே மாதிரி தகட்டு உருவம் வாங்கி உண்டியலில் போட வேண்டும். போட்டால் அதன் பிறகு வராது.

மைதீன் புது சீலைப் பொருத்திவிட்டுப் போனதும், பெரியப்பா தன் விஞ்ஞான முறையைத் தொடங்கினார். ஒவ்வொரு சாமானையும் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டினார். மேலே பென்சிலால் நம்பர் போட்டார். எண்ணெய் ஊறிய காகிதத்தில் பென்சில் எழுத்து நிற்காது என்பது விஞ்ஞானத்துக்குத் தெரியவில்லை. பொட்டலங்களை அடுக்கிய மரப்பெட்டி நிறைந்துவிட்டதால், கடைசிப் பொட்டலத்தை வீட்டு ஜன்னலில் வைத்தார்.

மறுநாள் பெரியம்மா பித்தளைப் பாம்பு ஒன்று வாங்கி வந்தாள். கடைக்காரர் அதைச் செய்தித்தாளில்தான் மடித்துக் கொடுத்திருந்தார். அதையும் அதே ஜன்னலில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியம்மாவுக்கு முழங்கால் வலி.

"ஏட்டி சங்கரேஸ்வரி, பள்ளிக்கூடம் போற வழியில அந்தப் பொட்டலத்தை உண்டியல்ல போட்டுட்டுப் போ. ஜன்னல்ல இருக்கு பாரு."

மணி அடிக்க நேரமாகிவிட்டது. சங்கரேஸ்வரி கைக்குக் கிடைத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணில் ஒற்றி, உண்டியலில் போட்டாள்.

'டங்!'

பாம்புத் தகடு விழுந்தால் 'சிலிங்' என்றல்லவா கேட்கும்? அவள் ஒரு கணம் நின்றாள். பள்ளிக்கூட மணி அடித்தது. ஓடிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் கூட்டம். கருப்பட்டிக் கடை ராஜதுரை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பெரியப்பா ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம் பேசி, ஒரு நிமிஷத்தில் மாட்டினார். சாக்கில் எண்ணெய்க் கறைகள் வரிசையாகப் பதிந்திருந்ததால் எது எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது.

கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகடு. ஒரு முனை ஒடுங்கிக் கூர்மையாக இருந்தது. மறுமுனை அகன்று விரிந்திருந்தது. விரிந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள்.

வாசல் பக்கம் நின்ற சங்கரேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

அது வால். இது படம். அந்த ஓட்டைகள் கண்கள்!

அப்படியென்றால் காலையில் 'டங்' என்று விழுந்தது எது?

பெரியப்பா தகட்டைப் பார்த்தார். ஒரே ஒரு கணம் அவர் முகத்தில் குழப்பம் வந்து போனது. பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"இதுக்குப் பேரு லாக்கிங் பிளேட்."

"ஒரு பக்கம் மட்டும் இப்படி விரிஞ்சிருக்கே அண்ணாச்சி?" என்று கேட்டார் ராஜதுரை.

"காத்தை வெட்டுததுக்கு. ஏரோப்ளேன் றெக்கை பாத்திருக்கீரா? அதே தத்துவம்."

"பெட்டிக்குள்ள ஏது காத்து?"

"அதுதான்வே வெள்ளைக்காரன் மூளை!"

"இந்த ரெண்டு ஓட்டை?"

"எண்ணெய்க்கு. ஒண்ணு போறதுக்கு, இன்னொண்ணு வாறதுக்கு."

கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளந்தது.

"பெரியப்பா, அது வந்து..." என்றாள் சங்கரேஸ்வரி.

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராத."

"இல்ல பெரியப்பா, அதுக்குக் கண்ணு..."

"ஏட்டி, உள்ள போ!"

தகடு இடத்தில் உட்காராமல் லொடலொடவென்று ஆடியது. "சூடானா பெருத்துக்கிடும்" என்றார் பெரியப்பா. வால் வெளியே நீட்டியது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அதை மடக்கினார். பின்பக்க மூடியைப் போட்டு முறுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் மைதீன் வந்தார். பெட்டியைத் தூக்கிக் காரில் மாட்டும்போது, "லாக் தகடு போட்டாச்சா ஐயா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுவே. அதைப் பத்திச் சொற்பொழிவே ஆத்தியாச்சு."

சங்கரேஸ்வரி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. உண்டியலில் போட்டது போட்டதுதான், திரும்பி வராது. தன்னால்தான் எல்லாம் என்று தெரிந்தால் பெரியப்பா என்ன செய்வார்? அதோடு, சாமிக்கு வாங்கிய பாம்பாயிற்றே, தண்டுகளைத் தாங்கிக்கொண்டாலும் தாங்கிக்கொள்ளும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பாம்பு தாங்கவில்லை.

புதன்கிழமை விடுமுறை நாள். காலையில் தெருவே திரண்டு நின்றது. பெரியப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். கார் பத்தடி போயிருக்கும். அடியில் 'கடகட' என்றது. பிறகு 'டொம்' என்றது. அப்புறம் வந்த எண்ணெயைச் சொட்டு என்று சொல்ல முடியாது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. ராஜதுரையின் வெள்ளை வேட்டி முழங்கால் வரை கறுப்பாகிவிட்டது.

பெரியப்பா கதவைத் திறந்து இறங்கினார். வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தார். மைதீனை நோக்கிக் கையை நீட்டினார்.

"நீரு போட்ட சீல்தான்வே! நான் எல்லாம் புஸ்தகப்படி மாட்டியிருக்கேன். இப்பவே ஒம்ம முதலாளிகிட்ட போறேன். நாளையிலேர்ந்து அந்தப் பஸ் ஷெட் பக்கம் நீரு போக வேண்டாம்!"

"ஐயா, ஒரு நிமிசம் தெறந்து பாப்போம்..."

"என்னத்தைத் தெறக்க?"

ஆமினாள் தன் வாப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்திருந்தாள். தூக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. ஊர் மாறிப் போகிறவர்கள் சாமான்களைப் பிடித்திருப்பது போலப் பிடித்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் சங்கரேஸ்வரிக்கு நேற்று வராத சொல் வந்துவிட்டது.

"பெரியப்பா, போகாதீங்க! கியர் பாக்ஸுக்குள்ள பாம்பு இருக்கு!"

கண் சிமிட்டும் நேரத்தில் தெரு காலியாகிவிட்டது. ஒருவர் கம்பைத் தேடினார். ராஜதுரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் ஏறினார். பெரியப்பா திரும்பவும் பின் சீட்டில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"நெசப் பாம்பு இல்ல!" என்று கத்தினாள் சங்கரேஸ்வரி. "பெரியம்மா உண்டியலுக்கு வாங்குன பித்தளைப் பாம்பு!"

நிஜப் பாம்பு என்று நினைத்தபோதுகூட அந்தத் தெருவில் இவ்வளவு அதிர்ச்சி இல்லை.

"என் தப்புதான்" என்றாள் அவள். "ஜன்னல்ல ரெண்டு பொட்டலம் இருந்துச்சு. பிரிச்சுப் பாக்காம மாத்தி எடுத்துட்டேன். காவக்காரத் தகட்டை உண்டியல்ல போட்டுட்டேன். நேத்தே தெரியும். சொல்லப் பயந்துட்டேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

பெரியம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடி ஆத்தீ! அம்மனுக்கா கார்ச் சாமானைப் போட்டே?"

மைதீன் காருக்கு அடியில் போனார். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கறுத்த கை மட்டும் வெளியே நீண்டது. கையில் பித்தளைப் பாம்பு. இடுப்பு வளைந்து, வால் மடங்கி, எண்ணெயில் குளித்திருந்தது. கண்கள் இரண்டும் பெரியப்பாவையே பார்த்தன.

"ஏன் அண்ணாச்சி," என்று படியிலிருந்தே கேட்டார் ராஜதுரை, "இதுல எண்ணெய் போற ஓட்டை எது, வாற ஓட்டை எது?"

தெரு சிரித்தது. பெரியப்பாவின் முகம் சுருங்கி, கோட்டு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சங்கரேஸ்வரிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சட்டென்று. "ரெண்டும் ஒரே காயிதத்துல இருந்துச்சு. நாந்தான மாத்துனேன்."

பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். காரிலிருந்து மெல்ல இறங்கினார். மைதீனிடம் போய், "வேற தகடு செய்ய முடியுமா?" என்று கேட்டார். 'வே' இல்லை, விரலும் உயரவில்லை.

"செய்யலாம் ஐயா. பையில பட்டை இரும்பு கெடக்கு. அளவுதான் கஷ்டம். அந்த இடுக்குக்குள்ள ஸ்கேல் போகாது."

சங்கரேஸ்வரி பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பாவாடையில் துடைத்தாள். அதன் கழுத்தில் ஒரு தழும்பு. இடுப்புக்குக் கீழே இன்னொரு தழும்பு.

"மாமா, இங்க பாருங்க. அந்த ரெண்டு தண்டும் இதைக் கடிச்சு வச்சிருக்கு. இதுதான அளவு?"

மைதீன் பாம்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் அவர் மீசைக்கு அடியில் சிரிப்பு வந்தது. பிறகு வாய்விட்டே சிரித்தார்.

"ஆமா மக்கா! பாம்பு அளவெடுத்துக் குடுத்திருக்கு!"

அவர் பாம்பைத் தட்டி நிமிர்த்தி, இரும்பின் மேல் வைத்துக் கோடு கிழித்தார். அறுத்தார். அரம் போட்டு ராவினார். மத்தியானத்துக்குள் புதுக் காவல்காரன் தயார். சீலில் ஒரு குறையும் இல்லை. தண்டு நழுவி மோதியதில், மூடிக்கு அடியில் எண்ணெய் ஒழுகாமல் வைக்கிற காகித வாசர்தான் கிழிந்திருந்தது. தடித்த அட்டையில் பிள்ளைகள் இருவரும் புதிதாக வெட்டிக் கொடுத்தார்கள்.

மைதீன்தான் மாட்டினார். பெரியப்பா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியை முறுக்கி முடித்ததும், "முதலாளிகிட்ட போகத்தான் போறேன்" என்றார் மெதுவாக. ஆமினாள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "நல்ல மெக்கானிக்குன்னு சொல்லிட்டு வாரேன்."

சாயங்காலம் கார் ரத வீதிகளைச் சுற்றி வந்தது. சங்கரேஸ்வரி காருக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தாள். மறுநாள் காலை அதில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை.

எல்லாருக்கும் சந்தோஷம். பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. "இனிமே இவரு எங்கன போறாருன்னு எப்படிட்டி கண்டுபிடிக்கது?"

வெள்ளிக்கிழமை, சங்கரேஸ்வரி பாம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் காகிதத்தில் மடித்தாள். உண்டியல் முன்னால் நின்று மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

'சிலிங்.'

ஒன்றரை மாதம் கழித்து, கோவில் அலுவலகத்திலிருந்து சண்முகையா வந்தார். துண்டில் எதையோ பத்திரமாக முடிந்து வைத்திருந்தார்.

"உண்டியல் தெறந்தோம் ஐயா. பாம்பு, தேள், பல்லி எல்லாம் தனித்தனியாப் பிரிச்சு வச்சிட்டோம். இது மட்டும் என்ன ஜந்துன்னு பிடிபடலை. ஒருத்தரு அட்டைங்காரு. இன்னொருத்தரு பூரான் குட்டிங்காரு. ஐயாகிட்ட கேட்டா நிச்சயம் தெரியும்னு..."

துண்டை அவிழ்த்தார். உள்ளே விரல் நீளத்தில் ஓர் இரும்புத் தகடு.

பெரியப்பா அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

சங்கரேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பூரானைப் பற்றி அரை மணி நேரம் வரப்போகிறது!

"எனக்குத் தெரியாதுவே" என்றார் பெரியப்பா. "எங்க சங்கரேஸ்வரிகிட்ட கேளும். அவ சொல்லுவா."

அடுக்களையில் பெரியம்மாவின் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்து, உருண்டு உருண்டு வாசல் வரைக்கும் வந்தது.